பிளேட் இல்லாத பவர் ஸ்டீயரிங் பாக்ஸ்: சீல் எப்படிப் பிடிப்பது?

செங்குன்றம்_லோடு

வணக்கம். மினி லாரியில் மாட்டியிருக்கும் பவர் ஸ்டீயரிங் பாக்ஸைப் பிரித்து வைத்திருக்கிறேன். புதுப்பேட்டை பழைய உதிரிச் சந்தையில் வாங்கிய பாக்ஸ். எந்த வண்டியிலிருந்து இறக்கியது என்று தெரியவில்லை. கம்பெனி பிளேட் இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைதான் மிச்சம். உள்ளே ஸ்டீயரிங் ராடு சுழற்றும் வார்ம் (திருகு), அதன் மேல் எஃகு உருண்டைகளில் நகரும் பால் நட் பிஸ்டன், அதன் பல்லால் திரும்பி வெளியே டிராப் ஆர்மை (வீலைத் திருப்பும் நெம்புகோல்) ஆட்டும் செக்டர் ஷாஃப்ட் என்று வழக்கமான அமைப்பு. பம்பும் ஆயில் டேங்கும் தனி.

டிராப் ஆர்ம் பக்கம் ஆயில் கொட்டுகிறது. நேராக ஓடும்போது ஒன்றும் இல்லை. இடது பக்கம் முழுசாக ஒடிக்கும்போதுதான் வருகிறது. வலது பக்கம் திருப்பினால் ஸ்டீயரிங் கனம். இடது பக்கம் லேசாகவே இருக்கிறது.

பழைய செக்டர் சீலில் 35 50 8 (உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன்) என்ற எண் மட்டும் தெரிகிறது, எழுத்து அழிந்துவிட்டது. அதே அளவில் ஒரு கடையில் டிசி சீல் கொடுத்தார்கள். போட்ட சில நாளிலேயே லிப் (ஷாஃப்டைத் தொடும் ரப்பர் விளிம்பு) வெளிப்பக்கமாக மடங்கி, உள்ளே இருந்த ஸ்பிரிங் கழன்று வந்துவிட்டது. ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் 34.97 எம்.எம்., லிப் ஓடிய தடத்தில் 34.85. நகத்தை வைத்து இழுத்தால் மாட்டுகிறது.

வண்டி பெயரைச் சொல்லி வாங்கிய சீல் கிட்டில் பாதி ஓ-ரிங் பொருந்தவில்லை. இனி ஒவ்வொன்றாகத் தேடித்தான் வாங்க வேண்டும். செக்டர் சீலுக்கு என்ன கேட்க வேண்டும், தேய்ந்த ஷாஃப்டுக்கு ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) போடலாமா, ஓ-ரிங் அளவை எதை வைத்து முடிவு செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பத்தூர்_டர்னர்

செக்டர் சீலிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்ற இடத்தில் தவறினால் ஆயில் கசியும், அவ்வளவுதான். இங்கே தவறினால் ஓடும் வண்டியில் ஸ்டீயரிங் உதவி போய்விடும்.

அளவு சரியாக இருந்தும் சீல் ஏன் மடங்கியது? டிசி என்பது கிராங்க், கியர்பாக்ஸ், ஹப் மாதிரி அழுத்தம் இல்லாத இடத்துக்கான சீல். சாதாரண டிசி தாங்குவது 0.3 பார் அளவுதான். பிஸ்டனுக்கு இரண்டு பக்கமும் அறை இருக்கிறது இல்லையா, அதில் ஒன்று செக்டர் பல் இருக்கும் அறை. பெரும்பாலான பாக்ஸ்களில் ஒரு பக்கம் ஒடிக்கும்போது பம்பின் முழு அழுத்தமும் அந்த அறைக்கு வரும். லாக் வரை (இனி திரும்பாது என்னும் கடைசி வரை) ஒடித்துப் பிடித்தால் ரிலீஃப் வால்வு திறக்கும் வரை ஏறும், அது 80 பாருக்கு மேலே. அந்த வேகத்தில்தான் டிசி லிப் உள்ளிருந்து வெளியே புரண்டிருக்கிறது. உங்களுக்கு இடது பக்கம் ஒடித்தால் மட்டும் ஆயில் வருவதும் இதனால்தான். உங்கள் பாக்ஸில் இடது திருப்பத்துக்கான அழுத்தம் செக்டர் அறைக்குப் போகிறது.

ஆகவே கடையில் "35-50-8 ஆயில் சீல்" என்று கேட்டால் மறுபடியும் டிசிதான் கையில் வரும். "பவர் ஸ்டீயரிங் செக்டர் ஷாஃப்ட் சீல், பிரஷர் டைப், 35×50×8" என்று முழுசாகச் சொல்லுங்கள். வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். லிப் குட்டையாக, தடிமனாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் இரும்புத் தகடு லிப்பின் கிட்டே வரை வந்து தாங்க வேண்டும். பல சீல்களில் லிப்புக்குப் பின்னால் வெள்ளையாகவோ பழுப்பாகவோ ஒரு கெட்டி பிளாஸ்டிக் வளையம் தெரியும், அழுத்தத்தில் ரப்பர் பின்னால் பிதுங்காமல் அதுதான் பிடித்துக்கொள்கிறது. லிப் நீளமாக, மெல்லியதாக, விரலால் தொட்டாலே ஆடினால் அது ஸ்டீயரிங்குக்கான சீல் இல்லை.

சில கடைகளில் டிசிவி என்று ஒன்று தருவார்கள். ஹைட்ராலிக் பம்ப், மோட்டார் ஷாஃப்டுக்குப் போடுவது. டிசியை விட எவ்வளவோ மேல், ஆனால் அதன் தாங்கும் அளவு 10 பார் பக்கம்தான். ஸ்டீயரிங் ராடு சேரும் இன்புட் ஷாஃப்டுக்கு அது போதும், அங்கே ரிட்டர்ன் அழுத்தம் மட்டும்தான் வரும். செக்டருக்குப் போதாது.

சீலுக்கு வெளியே ஒரு சப்போர்ட் வாஷர், சர்க்லிப் (பள்ளத்தில் மாட்டும் பிடிப்பு வளையம்), கடைசியில் டஸ்ட் சீல் இருந்திருக்க வேண்டும். உங்கள் பாக்ஸில் வாஷர் இருந்ததா? பழைய பாக்ஸ்களில் யாரோ பிரித்து மாட்டும்போது அதை விட்டிருப்பார்கள். வாஷர் இல்லாமல் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் சர்க்லிப் பக்கம் தள்ளி வந்துவிடும்.

ஷாஃப்டுக்கு வருகிறேன். 34.97-க்கு 34.85 என்றால் தடத்தின் ஆழம் 0.06 எம்.எம். நகம் மாட்டும் ஷாஃப்டில் புது சீல் போட்டுப் பயன் இல்லை. மெல்லிய தேய்மான ஸ்லீவின் சுவர் 0.28 எம்.எம்., ஏற்றினால் ஷாஃப்ட் 35.5 ஆகும். ஹப், கிராங்க் இடத்தில் அந்த அளவைச் சீல் ஏற்றுக்கொள்ளும். இங்கே சிக்கல் வேறு. செக்டர் ஷாஃப்ட் சைடு கவர் பக்கமிருந்து நுழைந்து, நீடில் பேரிங் வழியாகத்தான் ஸ்பிளைன் (டிராப் ஆர்ம் மாட்டும் வரிப் பல்) முனை வெளியே வருகிறது. லிப் ஓடும் இடமும் பேரிங் ஓடும் இடமும் ஒரே 35 என்றால், ஸ்லீவ் ஏற்றிய ஷாஃப்ட் பேரிங்குக்குள் நுழையவே நுழையாது. லிப் ஓடும் இடம் ஒரு படி குறைவாகக் கடைந்திருந்தால் மட்டும் ஸ்லீவைப் பற்றி யோசிக்கலாம். முதலில் அதை அளந்து பாருங்கள்.

சீலை 1.5 எம்.எம். நகர்த்தி உட்கார வைத்து, லிப் புது இடத்தில் ஓடும்படி செய்யலாம், இடம் இருந்தால். சீல் குழியின் ஆழத்திலிருந்து சீல், வாஷர் இரண்டின் தடிமனையும் கழியுங்கள். சர்க்லிப் காடிக்கு (பள்ளத்துக்கு) முன் மிச்சம் இருந்தால், சீலுக்கு உள்பக்கம் ஒரு ஸ்பேசர் வளையம் கடைந்து வைத்தால் முடிந்தது வேலை. வளையத்தின் உள்விட்டம் ஷாஃப்டைத் தொடக்கூடாது, சீலுக்கு ஆயில் போகும் வழியையும் அடைக்கக்கூடாது. மிச்சமே இல்லை என்றால் ஹார்டு குரோம்தான். தேய்ந்த இடத்தை அளவுக்குக் கீழே கிரைண்ட் செய்து, குரோம் ஏற்றி, திரும்ப 34.97-க்குக் கொண்டுவருவது. லிப் ஓடும் இடம் ஆர்ஏ 0.2 முதல் 0.4 மைக்ரான் வழவழப்பில் இருக்கட்டும். கிரைண்டிங் வீலை நேராக உள்ளே செலுத்தி முடிக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நகர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத திருகுத் தடம் விழுந்து, ஷாஃப்ட் திரும்பும்போது ஆயிலை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். லேத்தில் வைத்து எம்ரி பேப்பர் பிடித்தாலும் இதே கதைதான்.

குரோம் ஏற்றியதும் பேக்கிங், அதாவது அடுப்பில் வைத்துச் சூடுபடுத்துவது, அவசியம். இல்லாவிட்டால் உலோகத்துக்குள் போன ஹைட்ரஜன் வெடிப்பு விட வைக்கும். செக்டர் ஷாஃப்ட் மேல்தோல் கடினப்படுத்தியது, அதிக சூட்டில் வைத்தால் பல் இளகிவிடும். பிளேட்டிங் செய்பவரிடம் இதைச் சொல்லி, குறைந்த சூட்டில் அதிக நேரம் வைக்கச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன்பும், வேலை முடிந்து வந்த பிறகும் காந்தப் பொடி டெஸ்ட் செய்து, ஸ்பிளைன் அடியிலும் பல் அடியிலும் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். வெல்டிங் வைத்து நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஷாஃப்டை அவர் கையில் கொடுக்காதீர்கள். இது உடைந்தால் பிரேக் மட்டும்தான் மிச்சம்.

இன்னொன்று, ஷாஃப்டை உள்ளே விட்டு, டிராப் ஆர்ம் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தெளிவாகத் தட்டினால் நீடில் பேரிங் போய்விட்டது. அதை மாற்றாமல் போடும் சீல் ஒரு பக்கம் அழுத்தி, மறுபக்கம் வாய் திறந்து நிற்கும்.

சீல்_கவுண்டர்

டர்னர் அண்ணன் சொன்னதை ஒட்டி ஓ-ரிங் பற்றிச் சொல்கிறேன். பழைய ஓ-ரிங்கைக் கொண்டுவந்து "இதே மாதிரி கொடுங்க" என்பதுதான் கவுண்டரில் தினமும் நடப்பது. சூட்டில் பல வருஷம் நசுங்கிக் கிடந்த ஓ-ரிங் வட்டமாகவே இருக்காது. தடிமன் குறைந்திருக்கும், ஆயில் குடித்து விட்டம் பெருத்திருக்கும். அதை அளந்து வாங்கினால் நிச்சயம் தப்பாகும்.

காடியை அளந்து வாருங்கள். மூன்று அளவு போதும்: காடியின் அடிப்பகுதி விட்டம், அது போய் உட்காரும் ஓட்டையின் உள்விட்டம், காடியின் அகலம். ஓட்டையிலிருந்து காடி அடியைக் கழித்துப் பாதியாக்கினால் ஓ-ரிங்குக்கு இருக்கும் உயரம் கிடைக்கும்.

ஜப்பான் அளவில், அதாவது பி, ஜி சீரிஸில், உயரம் 1.5, அகலம் 2.5 என்றால் தடிமன் 1.9. உயரம் 2.0, அகலம் 3.2 என்றால் 2.4. உயரம் 2.5, அகலம் 4.1 என்றால் ஜி சீரிஸின் 3.1. உயரம் 3.0, அகலம் 4.7 என்றால் 3.5. உயரம் 5.0, அகலம் 7.5 என்றால் 5.7. கையில் இருக்கும் காடி இதில் ஏதாவது ஒன்றோடு ஒட்டிவந்தால் சந்தேகமே வேண்டாம். அமெரிக்க அளவு என்றால் தடிமன் 1.78, 2.62, 3.53, 5.33, 6.99 என்று போகும். 3.5-க்கு 3.53 போடலாம், தொந்தரவு இல்லை. 3.1 கேட்கும் இடத்தில் 2.62 போடக்கூடாது. கடையில் அடிக்கடி நடக்கும் குளறுபடி இதுதான், விட்டம் சரியாக இருப்பதால் வாங்குபவருக்கும் தெரியாது.

அகலம் மேலே சொன்னதை விடக் கூடுதலாக இருந்தால், உதாரணமாக உயரம் 3.0-க்கு அகலம் 6.0, அங்கே ஓ-ரிங்கோடு, அது பிதுங்காமல் தாங்கும் ஒரு பேக்-அப் ரிங்கும் இருந்திருக்கிறது என்று பொருள். ஓ-ரிங்குக்கு அழுத்தம் வரும் பக்கத்தின் எதிர்ப்பக்கம் அதை வைக்க வேண்டும். உடைந்து ஆயிலோடு போயிருக்கும், அதனால் பிரிக்கும்போது கண்ணில் படாது.

செங்குன்றம்_லோடு

ரொம்ப நன்றி. டர்னர் அண்ணே, வாஷர் இல்லை. சர்க்லிப் நேராகச் சீல் மேல்தான் உட்கார்ந்திருந்தது. லிப் இடமும் பேரிங் இடமும் ஒரே விட்டம், ஆகவே ஸ்லீவ் நுழையாது. குழியின் ஆழம் சர்க்லிப் காடி வரை 10.1 எம்.எம்.

காடிகளை அளந்துவிட்டேன். சைடு கவரில் காடி அடி 75, ஓட்டை 80, அகலம் 4.1. வால்வு பக்கக் கவரில் காடி அடி 44, ஓட்டை 50, அகலம் 4.7. கிட்டில் சைடு கவருக்கு என்று வந்த ஓ-ரிங் 3.53 தடிமன். கையால் அழுத்தினால் கவர் முழுசாக உட்காரவில்லை, போல்ட் போட்டு இழுத்தால் உட்காரும் போலிருக்கிறது.

பிஸ்டனில் பச்சை கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு ரிங், வால்வு ஸ்லீவில் மூன்று ரிங். பிஸ்டன் ரிங் பார்க்க நன்றாக இருக்கிறது. வலது பக்கக் கனத்துக்கு அதுதான் காரணமா?

சீல்_கவுண்டர்

போல்ட் போட்டு இழுக்காதீர்கள். சைடு கவர் காடி 4.1 அகலம், 2.5 உயரம், குறுக்குவெட்டு 10.25 சதுர எம்.எம். 3.53 ஓ-ரிங்கின் குறுக்குவெட்டு 9.8 வரும். காடி கிட்டத்தட்ட நிரம்பிவிடுகிறது. சூட்டில் ரப்பர் விரிய இடமே இல்லாமல் ஓரத்தில் பிதுங்கி வெட்டுப்படும். 2.62 போட்டால் நசுக்கம் 5 சதவீதம்கூட வராது, முதல் லாக்கிலேயே ஒழுகும். உங்களுக்கு வேண்டியது ஜி-75. உள்விட்டம் 74.4, தடிமன் 3.1. அது 19 சதவீதம் நசுங்கி, காடியில் முக்கால் பாகத்தை நிரப்பும்.

வால்வு கவருக்கு பி-44. உள்விட்டம் 43.7, தடிமன் 3.5. இரண்டும் அலமாரியில் எப்போதும் இருக்கும் சாதாரண அளவுதான்.

கிண்டி_ஹைட்ராலிக்ஸ்

வலது பக்கக் கனத்துக்குப் பிஸ்டன் ரிங்கை முதலில் சந்தேகிக்க வேண்டாம். பிஸ்டன் ரிங் போனால் ஒரு அறையின் ஆயில் அடுத்த அறைக்குத் தப்பும். எந்தப் பக்கம் ஒடித்தாலும் அது நடக்கும், இரண்டு பக்கமும் கனக்கும். பம்ப் பலவீனம் என்றாலும் இரண்டு பக்கமும்தான். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து வழியில்தான் எங்கோ தப்புகிறது. மூன்று இடம் பாருங்கள்.

வால்வு ஸ்லீவின் மூன்று டெஃப்லான் ரிங்குகளில், வலது பக்கத்து ஆயில் வழிக்கு எல்லையாக நிற்கும் ரிங். ரிங் மேல் அகலமான பளபளப்பு வந்திருக்கும், இல்லாவிட்டால் ஓரம் செதுக்கியது மாதிரி இருக்கும். ரிங் ஓடும் ஓட்டையில் விரல் நகத்தால் தடவிப் பார்க்கவும். ரிங் ஓடிய இடத்தில் பள்ளம் இருந்தால் புது ரிங் போட்டும் கொஞ்ச நாள்தான் வரும்.

வார்ம் தலைப்பக்கம், வால்வுக்கும் பிஸ்டன் அறைக்கும் நடுவே இருக்கும் ரிங். பலர் இதைக் கவனிப்பதில்லை, கிட்டிலும் சில நேரம் இருக்காது.

லாக் நெருங்கும்போது அழுத்தத்தை இறக்கிவிடும் லிமிட் வால்வு. எல்லா பாக்ஸிலும் இருக்காது. பிஸ்டனுக்குள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முளை இருந்தால் அதுதான். ஒரு பக்கம் அழுக்கு மாட்டித் திறந்தபடி நின்றால் அந்தப் பக்கம் கனக்கும். பெட்ரோலில் கழுவாதீர்கள், மண்ணெண்ணெய் போதும். ஏர் விட்டுக் காயவைத்து, முளை தடையில்லாமல் உள்ளே போய்த் திரும்புகிறதா பாருங்கள்.

பிஸ்டன் ரிங் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அதன் அடியில் ஒரு ஓ-ரிங் இருக்கிறது, ரிங்கை வெளியே தள்ளி அழுத்துவது அதுதான். அந்த ஓ-ரிங் செத்துப்போய்த் தட்டையானால் மேலே இருக்கும் ரிங் சும்மா மிதக்கும். பச்சை கலந்த பழுப்பு என்றால் வெண்கலப் பொடி கலந்த டெஃப்லான். மாற்றும்போதும் கலப்பு டெஃப்லானே வேண்டும். வெறும் வெள்ளை டெஃப்லான் மலிவாகக் கிடைக்கும், அழுத்தத்தில் வழிந்து தேய்ந்துபோகும். ரெடிமேடாகக் கிடைக்காவிட்டால் ஹைட்ராலிக் சிலிண்டர் சீல் கடைந்து தரும் பட்டறைகள் அம்பத்தூர், கிண்டி எஸ்டேட்டுகளில் இருக்கின்றன. பழைய ரிங்கை மட்டும் கொடுக்காதீர்கள். பிஸ்டனையும், ஓட்டையின் விட்டத்தையும் கொடுங்கள்.

ரிங் போடுவதில்தான் பாதிப் பேர் கெடுக்கிறார்கள். பழையதை ஸ்குரு டிரைவரால் கிளப்பினால் காடிச் சுவரில் கீறல் விழும், கீறல் வழியாக ஆயில் போகும். பித்தளைக் குச்சியோ மூங்கில் சீவலோ போதும். அடி ஓ-ரிங்கை முதலில் முறுக்கில்லாமல் உட்கார வையுங்கள். டெஃப்லான் ரிங்கைக் கொதிக்கும் அளவு சூடான தண்ணீரில் 10 நிமிஷம் போட்டு எடுங்கள். சூடு ஆறும் முன், ஒரே சீராக விரித்து, கூம்பு மாதிரிக் கடைந்த ஒரு நைலான் துண்டின் மேல் வழுக்கிக் காடிக்குள் இறக்குங்கள். ஒரு இடத்தில் மட்டும் பிடித்து இழுத்தால் அங்கே மெலிந்து, திரும்பச் சேராது.

இறங்கியதும் ரிங் பெரிதாகத் தொங்கும். அப்படியே ஓட்டைக்குள் தள்ளினால் விளிம்பு அதைச் சீவிவிடும், சீவிய நூல் வால்வு வழியை அடைக்கும். திரும்பச் சுருக்க வேண்டும். பளிங்கு மாதிரித் தேய்த்த உள்கூம்பு ஸ்லீவ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ரிங்கின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றி, ஹோஸ் கிளிப் போட்டு மெதுவாக இறுக்கி, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். கழற்றியதும் உடனே ஏடிஎஃப் (பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் சிவப்பு ஆயில்) தடவி ஓட்டைக்குள் ஏற்றவும். நேரம் போனால் மறுபடி விரியும்.

எண்ணூர்_ஃபிட்டர்

எல்லோரும் பாக்ஸைப் பற்றிப் பேசிவிட்டார்கள். ஆயில் டேங்கில் இருக்கும் ஃபில்டரைப் பாருங்கள். அது அடைத்திருந்தாலோ, ரிட்டர்ன் ஹோஸ் எங்காவது மடங்கியிருந்தாலோ ரிட்டர்ன் அழுத்தம் ஏறி, புதிதாகப் போட்ட இன்புட் சீல் தள்ளிக்கொண்டு வரும். பழைய ஹோஸின் உள் ரப்பர் உரிந்து, வால்வு மாதிரி திறந்து மூடும். வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு மாதிரியே இருக்கும். பாக்ஸ் திறந்த வண்டிக்கு ஃபில்டரும் ரிட்டர்ன் ஹோஸும் புதுசு போட்டுவிடுங்கள்.

செங்குன்றம்_லோடு

எல்லோருக்கும் நன்றி. வார்ம் தலைப்பக்க ரிங்கின் ஓரம் செதுக்கியது மாதிரிதான் இருக்கிறது, லிமிட் வால்வு சுத்தமாக இருக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. ரப்பரில் நைட்ரைலா வைட்டானா? டேங்கில் இருந்த ஆயில் சிவப்பாக இல்லை, கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தது. அப்புறம், செக்டர் சீல் சென்னையில் எங்கே தேடுவது?

சீல்_கவுண்டர்

ஏடிஎஃப் ஆயிலுக்கு நைட்ரைல் போதும், 100 டிகிரி வரை தாங்கும். இன்ஜின் பக்கத்தில், எக்ஸாஸ்ட் ஒட்டியபடி பாக்ஸ் இருந்தால் எச்என்பிஆர் (கூடுதல் சூடு தாங்கும் நைட்ரைல் வகை) கேளுங்கள், 150 வரை போகும். வைட்டான் 200 தாங்கும், விலை அதிகம், செக்டருக்கு அந்தச் சூடு வராது. இபிடிஎம் மட்டும் தப்பித்தவறியும் வேண்டாம். பிரேக் ஆயிலுக்கும் தண்ணீருக்கும் நல்ல ரப்பர் அது, இந்த ஆயிலில் ஊறிப் பெருத்துக் கூழாகிவிடும். நிறத்தை வைத்து அடையாளம் காண முடியாது, எல்லாமே கறுப்பில் வரும். சந்தேகம் இருந்தால் ஒரு ஓ-ரிங்கைச் சூடான ஏடிஎஃப்-ல் ஒரு நாள் ஊறப் போட்டு, முன்னும் பின்னும் வெர்னியரில் அளந்து பாருங்கள். இபிடிஎம் என்றால் கண்ணுக்கே தெரியும். நெருப்பு வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். வைட்டான் கருகினால் வரும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கையைத் தின்றுவிடும்.

கறுப்புப் பிசுபிசுப்பு என்றால் யாரோ வேறு ஆயில் கலந்திருக்கிறார்கள், இல்லை ஹோஸ் ரப்பர் கரைந்திருக்கிறது. பிரேக் ஆயில் கலந்திருந்தால் நைட்ரைல் சீல் எல்லாமே ஊறியிருக்கும். பம்ப் சீலையும் விட்டுவைக்காதீர்கள்.

பழைய சரக்கு விஷயத்தில் கவனம். ஐஎஸ்ஓ 2230 தரப்படி நைட்ரைலின் முதல் சேமிப்புக் காலம் 7 வருஷம், வைட்டானுக்கு 10. அதுவும் குளிர்ச்சியான, வெயில் படாத இடத்தில் வைத்தால். நம்ம ஊர்த் தகரக் கூரைக்குக் கீழே, ஆணியில் கொத்தாக மாட்டித் தொங்கும் ஓ-ரிங்கை வாங்காதீர்கள், தொங்கிய இடத்தில் நீண்டு மெலிந்திருக்கும். வாங்குவதை இரண்டாக மடக்கி, வளைவின் வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் வேண்டாம். சீல் என்றால் கம்பெனி கவரில், தேதியோடு இருப்பதைக் கேளுங்கள்.

ஓ-ரிங், டஸ்ட் சீல், இன்புட் சீல் எல்லாம் பாரிமுனைப் பக்கம் பேரிங், சீல் கடைகளில் கிடைத்துவிடும். செக்டர் சீலுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் லாரி, பஸ் ஸ்டீயரிங் உதிரி வைத்திருக்கும் கடைகளைப் பாருங்கள். கார் உதிரிக் கடையில் இருக்காது. போகும்போது செக்டர் ஷாஃப்ட், சைடு கவர் இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள். விவரம் தெரிந்தவர் செக்டரின் பல் எண்ணிக்கையையும் ஸ்பிளைனையும் பார்த்தே எந்தக் கம்பெனி பாக்ஸ் என்று சொல்லிவிடுவார். பாடியில் வார்ப்போடு வந்த எண் ஏதாவது இருக்கிறதா என்று கம்பி பிரஷ் போட்டுத் தேடுங்கள். அது காஸ்டிங் எண்தான், அசெம்பிளி எண் இல்லை, ஆனாலும் கம்பெனியைக் கண்டுபிடிக்க உதவும். கம்பெனி தெரிந்துவிட்டால் பாக்ஸுக்கான சரியான சீல் கிட்டையே வாங்கலாம். வண்டி பெயரைச் சொல்லி வாங்குவது இதற்கு ஒத்துவராது, ஒரே வண்டிக்கு இரண்டு கம்பெனி பாக்ஸ் வந்த காலமும் உண்டு.

அம்பத்தூர்_டர்னர்

குழி ஆழம் 10.1 என்றீர்கள். சீல் 8, வாஷர் 1.5 அல்லது 2 போட்டால் நகர்த்த இடம் இல்லை. அந்த இடம் வாஷருக்காகத்தான் விட்டிருக்கிறார்கள். ஆகவே ஷாஃப்டுக்குக் குரோம், சீலுக்கு வாஷர், இரண்டும் வேண்டும். வாஷரை மைல்டு ஸ்டீலில் கடையுங்கள், உள்விட்டம் ஷாஃப்டை விட அரை எம்.எம். கூட இருக்கட்டும். இடைவெளி அதிகமானால் லிப்பின் பின்பக்கம் அதில் பிதுங்கும்.

மாட்டும்போது பிஸ்டனை நடுவில் நிறுத்தி, செக்டரின் நடுப் பல் பிஸ்டனின் நடுக் காடியில் விழுகிறதா பாருங்கள். ஒரு பல் மாறினால் ஒரு பக்கம் ஒடிப்பு குறையும். வார்மைப் பிஸ்டனிலிருந்து முழுசாகத் திருகி வெளியே எடுக்க வேண்டாம், எஃகு உருண்டைகள் கொட்டிவிடும், இரண்டு அளவு உருண்டை கலந்து போட்டிருந்தால் வரிசை தெரியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

சீலை முதலில் பாடியில் ஏற்றிவிட்டு ஷாஃப்டை நுழைப்பவர் என்றால், ஸ்பிளைன் லிப்பை அறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலின் நடுப்பகுதியை வெட்டி, ஸ்பிளைன் மேல் கூம்பாகச் சுருட்டி, ஏடிஎஃப் தடவி நுழைத்தால் போதும். சீல் வந்து தாண்டியதும் உருவி எடுத்துவிடலாம். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். சீலை அடிக்கும் குழாயின் வெளிவிட்டம் 49.5 இருக்கட்டும், நடுவில் அடித்தால் தகடு வளையும்.

சைடு கவர் அட்ஜஸ்டிங் ஸ்குருவைப் பல் நடுவில் இருக்கும்போது மட்டும் வையுங்கள். இன்புட்டைப் பிடித்துக்கொண்டு டிராப் ஆர்மை ஆட்டினால் ஆட்டம் அப்போதுதான் போயிருக்க வேண்டும், அதற்கு மேல் இறுக்கக் கூடாது. லாக் பக்கம் போனால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், நடுப் பல்லை உயர்த்தியே வெட்டியிருப்பதால் அது இயல்பு. அந்த ஆட்டத்தைப் போக்க ஓரத்தில் வைத்து இறுக்கினால், நடுவில் வரும்போது பிடித்து, திருப்பத்திலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. லாக் நட் இறுக்கும்போது ஸ்குரு கூடவே சுழலும். ஆலன் சாவியால் பிடித்துக்கொண்டு, இறுக்கியபின் மறுபடி ஆட்டிப் பாருங்கள்.

ஆயில் ஊற்றியதும் இன்ஜின் போடாதீர்கள். முன் ஆக்ஸிலை ஜாக் போட்டுத் தூக்கி, இன்ஜின் நிறுத்திய நிலையில் லாக்குக்கு லாக் 15, 20 தடவை மெதுவாகத் திருப்புங்கள். டேங்கில் குமிழ் அடங்க அடங்க நிரப்பவும். அப்புறம் ஐடிலில் விட்டுத் திருப்புங்கள். ஆயில் பால் மாதிரி வெளுத்தால் காற்று இருக்கிறது, நிறுத்தி ஆற விட்டுத் தொடருங்கள். லாக்கில் 5 விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது.

கடைசியாக ஆக்ஸில் ஸ்டாப் போல்ட். வீல் ஸ்டாப்பில் முட்டிய பிறகும் பாக்ஸுக்குள் பிஸ்டன் போக இடம் இருக்க வேண்டும். வேறு வண்டி பாக்ஸ் மாட்டிய வண்டியில் இதை யாரும் சரிபார்ப்பதில்லை. பிஸ்டன் முதலில் முட்டினால் ஒவ்வொரு முழுத் திருப்பத்திலும் பாக்ஸ்தான் அடி வாங்கும், ரிலீஃப் அழுத்தம் நேராகச் செக்டர் சீலில் விழும். லிமிட் வால்வு உள்ள பாக்ஸ் என்றால், ஸ்டாப்பில் முட்டுவதற்குச் சற்று முன்பே பம்ப் சத்தம் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள்.